கைவிடப்பட்ட செய்மதிகள் பேசுகின்றனவா?

1965 பெப்ரவரி 11ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து எல்.ஈ.எஸ்.-1 என்னும் சிறிய செய்மதி ஒன்று விண்ணுக்கு ஏவப்பட்டது. அதனைச் செய்தவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் லிங்கன் ஆய்வுகூடத்தினர். நோக்கம், இராணுவத் தொலைத்தொடர்புப் பரிசோதனை. மின்னிணைப்பில் நேர்ந்த தவறொன்றினால் அது தன் முதற் சுற்றுப்பாதையை விட்டு மேலே செல்லவே இல்லை. திட்டமிட்டவற்றுள் சில பரிசோதனைகள் மட்டுமே நடந்தன. 1967இல் அதன் ஒலிபரப்பும் நின்றுபோனது. உரியவர்கள் கோப்பை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

46 ஆண்டுகள் கழித்து, 2013இல், இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வாழும் வானொலி ஆர்வலர் ஒருவர் 237 மெகாஹேர்ட்ஸ் அளவில் விசித்திரமான சமிக்ஞை ஒன்றைப் பிடித்திருப்பதாகச் செய்தி வெளிவந்தது. தேடிப் பார்த்ததில் அது எல்.ஈ.எஸ்.-1 எனத் தெரியவந்தது. கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அந்த ஒலிப்பதிவை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்திருந்தார். தொலைவிலே யாரோ முனகுவது போல ஒரு சுருதி எழுந்து, தளர்ந்து, மறுபடியும் எழுகின்றது. சொல் இல்லை, தாளமும் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கத் தோன்றுகின்றது.

அந்த முனகலின் காரணம் மிகச் சாதாரணமானது. செய்மதியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. சூரியத் தகடுகளில் வெயில் படும்போது பிறக்கும் மின்சாரம் நேரே ஒலிபரப்பிக்குச் செல்கின்றது. கட்டுப்பாடற்ற அந்தப் பெட்டியோ ஏறத்தாழ நான்கு நொடிக்கு ஒரு தடவை குட்டிக்கரணம் அடிக்கின்றது. அப்படிப் புரளும்போது அதன் இயந்திரப் பகுதியின் நிழல் தகடுகளின் மேல் விழுகின்றது. நிழல் விழுந்தால் மின்னழுத்தம் குறையும், ஒலி தளரும்; நிழல் விலகினால் ஒலி எழும். ஆக, நாம் கேட்பது செய்மதியின் பேச்சை அல்ல. ஓர் உலோகப் பெட்டியின் மீது வெயிலும் நிழலும் மாறி மாறி விழுவதைத்தான் காதால் கேட்கின்றோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியோடு வாழ்ந்தவன் நான். செய்தி இல்லாத ஒலி எங்கள் தொழிலில் இரைச்சல் எனப்படும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவதே வேலை. கழித்துவிட வேண்டிய அந்த மிச்சத்திலிருந்து கலை செய்கின்றவர்கள் உலகில் பலர் உண்டு என்பதும், அதிலே நேர்மையான கலைக்கும் நேர்மையற்ற கலைக்கும் வேறுபாடு உண்டு என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தன. அதுபற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

எல்.ஈ.எஸ்.-1 தனிப்பட்ட அதிசயம் அல்ல. 1974 நவம்பர் 15ஆம் திகதி ஏவப்பட்ட ஓஸ்கார்-7 இன்னும் வியப்புக்குரியது. அது அரசுகளோ கம்பனிகளோ செய்த செய்மதி அன்று. அமெரிக்கா, மேற்கு ஜேர்மனி, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் கூடிச் செய்தது. 1981இல் அதன் பற்றரியில் குறுஞ்சுற்று ஏற்பட்டது. சூரியத் தகடுகள் தந்த மின்சாரம் முழுவதையும் பழுதான பற்றரி விழுங்கிக்கொண்டது. செய்மதி மௌனமாயிற்று. பின்னர் 2002 ஜூன் 21ஆம் திகதி, இருபத்தொரு ஆண்டுகளின் பின், அது திடீரென மீண்டும் கேட்கத் தொடங்கியது. குறுஞ்சுற்றாகிக் கிடந்த பற்றரி காலப்போக்கில் மேலும் சிதைந்து, மின்சாரத்தை விழுங்கும் வழியே அறுந்துபோனமைதான் காரணம். பற்றரி பாதி செத்திருந்தவரை செய்மதி ஊமையாய்க் கிடந்தது. முழுதாய்ச் செத்த பின்பே அதற்கு வாய் திறந்தது.

அன்று முதல் ஓஸ்கார்-7 வெயிலில் மட்டும் வாழ்கின்றது. பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். வெளியே வந்தால் விழித்துக்கொள்ளும். அதற்கு இரண்டு இயங்குமுறைகள் உண்டு. விழிக்கும்போது எந்த முறையில் விழிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. முன்னர் நடந்தது எதுவும் அதன் நினைவில் இருப்பதில்லை. 2024 நவம்பரில் அதற்கு 50 வயது நிறைந்தபோதும் உலகெங்கும் வானொலியாளர்கள் அதன் வழியே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தமைக்குக் காரணம் உண்டு. 1990இலிருந்து 1995 வரை அங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கும். அந்த நாட்களில் வானொலி கேட்பதற்கு எங்கள் ஆட்கள் கண்ட வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருப்பார்கள். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. பெடல் சுற்றும் பிள்ளைக்குக் கை சோர்ந்தால் லண்டனிலிருந்து வரும் குரலும் சோரும். "சுத்தடா, சுத்தடா" என்று ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துவார்கள். குரல் மீண்டும் எழும்.

பற்றரி இல்லாத வானொலிக்கும் பற்றரி செத்த செய்மதிக்கும் இயக்கம் ஒன்றுதான். சேமிப்பு என்று எதுவும் இல்லை; அந்தந்தக் கணத்தில் கிடைப்பது அந்தக் கணத்துக்கே போதும். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. எங்கள் வானொலியில் சொல் இருந்தது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கின்றது என்பவற்றை அறிவதற்காகவே அந்தப் பிள்ளையின் கை சுற்றியது. குரல் சோர்ந்து இரைச்சலாகும் அந்தச் சில நொடிகளில் அது யாருக்கும் அழகாக இருக்கவில்லை. அச்சமாகவே இருந்தது. சமிக்ஞை தளர்வதை இரசிக்கும் எவரையும் நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கைவிடப்பட்ட செய்மதிகளைத் தேடுவோர் இப்போது பெருகியிருக்கின்றார்கள். தொலைக்காட்சி பார்ப்பதற்கெனச் செய்யப்பட்ட, விரல் அளவான மலிவுக் கருவியொன்றைக் கணினியில் செருகினால் அதையே பல அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாக்கலாம் என்பது 2012 அளவில் பரவலாகத் தெரியவந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஸ்கொட் டில்லி இத்துறையில் பெயர்பெற்றவர். 2018 ஜனவரியில் அவர் அமெரிக்காவின் இரகசியச் செய்மதி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அகப்பட்டதோ நாசாவின் இமேஜ் செய்மதி. 2000ஆம் ஆண்டு ஏவப்பட்டு, 2005 டிசம்பரில் தொடர்பறுந்து, தொலைந்ததாகக் கைவிடப்பட்ட செய்மதி அது. சொந்தக்காரர்களான நாசாவினருக்கே அவர்தான் தகவல் சொன்னார். 2020 மார்ச்சில், பெருந்தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, 1967இல் ஏவப்பட்ட எல்.ஈ.எஸ்.-5 இன்னும் ஒலிப்பதையும் அவரே கண்டறிந்தார். அது 1972இல் நிறுத்தப்பட்டதாகவே எல்லோரும் எண்ணியிருந்தனர்.

இனிக் கலைக்கு வருவோம். வானொலியை வாத்தியமாக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1951இல் நியூயோர்க்கில் 12 வானொலிப் பெட்டிகளையும் 24 பேரையும் கொண்டு ஓர் இசைநிகழ்ச்சியை அமைத்தார். ஒரு பெட்டிக்கு இருவர்: ஒருவர் அலைவரிசையை மாற்றுவார், மற்றவர் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பார். அந்த நேரத்தில் வானில் எது இருக்கின்றதோ அதுவே இசை. அவரது உருப்படி மேடையேறியபோது இரவு நெடுநேரமாகிவிட்டமையால் பல நிலையங்கள் ஒலிபரப்பை முடித்துக்கொண்டிருந்தன. கிடைத்தது பெரும்பாலும் இரைச்சலும் மௌனமும்தான். கேஜ் அதைத் திருத்த முயலவில்லை. வந்ததை வந்தபடியே விட்டார்.

விண்வெளிக் குப்பையைப் பற்றிய ஆக்கங்களுள் பிரித்தானியாவின் கத் லு குட்டூரும் இசையமைப்பாளர் நிக் ரயனும் சேர்ந்து செய்த 'அட்ரிப்ட்' என்ற திட்டம் குறிப்பிடத்தக்கது. பூமியைச் சுற்றும் 27,000 துண்டுகளின் நகர்வை ஒலியாக மாற்றும் இயந்திரம் ஒன்றை ரயன் அமைத்தார். பழைய கிராமபோனின் முன்னோடியைப் போலச் சுழலும் ஓர் உருளை அதன் மையம். தலைக்கு மேலே ஒரு துண்டு கடக்கும்போது கீழே ஓர் ஒலி எழும். இது எனக்குப் பிடித்திருக்கின்றது. அதே திட்டத்தின் இன்னொரு பகுதியாக, 1958இல் ஏவப்பட்டு இன்றும் பூமியைச் சுற்றிவரும் வான்கார்ட்-1 செய்மதிக்கு டுவிட்டரில் ஒரு கணக்குத் திறந்து அதைப் பேசவைத்தார்கள். ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத அந்த அலுமினியப் பந்து 1964இலேயே ஊமையாகிவிட்டது. அதன் பெயரால் மனிதர்கள் எழுதிய வாசகங்கள் மக்களைக் கவர்ந்தன. என்னால் அவ்வளவு எளிதாக ஒன்ற முடியவில்லை.

அமெரிக்கக் கலைஞர் ட்ரெவர் பாக்லன் வேறு வழியில் சென்றார். 100 படங்களைப் பொறித்த சிறு தகடு ஒன்றைப் பொன்முலாம் பூசிய உறையில் வைத்து, 2012 நவம்பரில் கஸகஸ்தானிலிருந்து ஏவப்பட்ட எக்கோஸ்டார்-16 என்ற தொலைக்காட்சிச் செய்மதியுடன் இணைத்து அனுப்பினார். செய்மதியின் பணி முடிந்ததும் அதைச் சற்று உயரமான ஒரு 'இடுகாட்டுப் பாதை'க்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் அது சுற்றும், படங்களும் சுற்றும். 2018 டிசம்பரில் இதே பாக்லன் வானில் பளபளக்கவேண்டிய 30 மீற்றர் நீளமான பலூன் ஒன்றைச் செய்மதியில் வைத்து அனுப்பினார். அதை விரிக்க அனுமதி பெறவேண்டிய வேளையில் அமெரிக்க அரச அலுவலகங்கள் பாதீட்டுத் தகராறினால் மூடப்பட்டிருந்தன. காத்திருந்த காலத்தில் தொடர்பு அறுந்துபோனது. கைவிடப்பட்ட செய்மதிகளைப் பற்றிச் சிந்தித்த கலைஞரின் படைப்பே கைவிடப்பட்ட செய்மதியாயிற்று.

இவர்கள் எவரையும் குறைசொல்வது என் நோக்கமல்ல. என் தயக்கம் வேறு. இந்தச் செய்மதிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'ஸோம்பி', 'பேய்', 'ஆவியின் அழைப்பு' என்றே தலைப்பிடுகின்றார்கள். தலைப்பின் கவர்ச்சி எனக்கும் தெரியாததல்ல. ஆனால், எல்.ஈ.எஸ்.-1 அழவில்லை. யாரையும் அழைக்கவுமில்லை. அதன் மேல் வெயில் படுகின்றது, அவ்வளவே. அழுகையை அதில் வைப்பவர்கள் நாங்கள்.

ஓர் உலோகப் பெட்டியின் வாயில் நாலு சொல்லை வைத்தால் என்ன குற்றம் என்று வாசகர்கள் கேட்கலாம். குற்றமில்லை. ஆனால், நான் வந்த இடம் வேறு. எங்கள் நாட்டில் போர் நடந்த முப்பது ஆண்டுகளில் இறந்தவர்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் அவர்களைப் பேசவைத்தது. இன்னார் இதற்காகவே உயிர் நீத்தார், உயிரோடிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று அறிக்கைகள் செய்தி மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றுள் பல, அந்த மனிதரை ஒரு தடவைகூடச் சந்தித்திராதவர்கள் எழுதியவை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது? அந்தக் கேள்விக்குப் பதிலாக ஆறுதல் வார்த்தைகளும், சோதிடமும், வதந்தியும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தன. உள்ளது உள்ளபடியான ஒரு தகவல் கிடைக்கவில்லை. இல்லாத குரலைக் கேட்டதாகச் சொல்வது கருணையன்று என்பதை அவர்களிடமிருந்தே கற்றேன்.

ஆகவேதான் இத்துறையில் என்னை முழுமையாக ஈர்த்தது வேறொரு முயற்சி. 2020இல் சோஃபி டயர், சாஷா எங்கல்மன் என்ற இருவர் தொடங்கிய 'ஓப்பன்-வெதர்' அது. அமெரிக்க வானிலைச் செய்மதிகளான நோஆ-15, நோஆ-18, நோஆ-19 ஆகியவை தாம் எடுக்கும் படங்களை ஒலியாகவே கீழே அனுப்பிக்கொண்டிருந்தன. 137 மெகாஹேர்ட்ஸ் அளவில், கடிகாரத்தின் டிக்-டிக் போன்ற ஓர் ஓசை; நொடிக்கு இரண்டு கோடு வீதம் படம் விரியும். கையில் பிடித்த சிறு அன்டெனாவும் கணினியும் இருந்தால் யாரும் அதைப் பெறலாம். இவ்விருவரும் பிறருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 2021 ஒக்டோபர் 31ஆம் திகதி, கிளாஸ்கோ காலநிலை மாநாடு தொடங்கிய நாளில், உலகின் பல மூலைகளிலிருந்து பலர் அவ்வாறு படம் பிடித்தார்கள். அவற்றை ஒன்றுசேர்த்துப் பூமியின் ஒரு நாள் முகத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தின் வானிலையைத் தம் சொற்களில் எழுதியும் அனுப்பினார்கள்.

அந்தப் படங்களில் இரைச்சலை அழிக்கவில்லை என்பதே சிறப்பு. செய்மதி அடிவானத்தில் தாழ்ந்திருந்தபோது படம் புள்ளி புள்ளியாய்ச் சிதறியிருக்கும். ஒரு கட்டடமோ மரமோ குறுக்கிட்ட இடத்தில் கோடு விழுந்திருக்கும். கை நடுங்கியிருந்தால் அதுவும் படத்தில் இருக்கும். மேலேயிருந்து பார்த்த செய்மதியும் கீழேயிருந்து கேட்ட மனிதரும் ஒரே தாளில் பதிவாகியிருக்கின்றார்கள். யாருடைய வாயிலும் யாரும் சொல்லை வைக்கவில்லை. கேட்டவர் யார், எங்கே நின்றார், எவ்வளவு கேட்டது, எங்கே கேட்கவில்லை என்பவை மட்டுமே அங்குண்டு. நல்ல செய்தியாளனின் குறிப்பேடும் இப்படித்தான் இருக்கவேண்டும்.

அந்த மூன்று செய்மதிகளும் இன்று இல்லை. 2025 ஜூனில் நோஆ-18உம், ஆகஸ்டில் நோஆ-19, நோஆ-15 ஆகியவையும் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. 1998இல் ஏவப்பட்ட நோஆ-15 இருபத்தேழு ஆண்டுகள் உழைத்திருந்தது. இவை எல்.ஈ.எஸ்.-1ஐப் போல மறக்கப்பட்டவை அல்ல. திகதி குறித்து, முறைப்படி விடைகொடுத்து நிறுத்தப்பட்டவை. இப்போதைய வழக்கம் அதுதான். பணி முடிந்த செய்மதி தாழ்ந்த பாதையில் இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் அகற்றப்படவேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்தது. விண்வெளிக்கு அது நல்லது. அணைக்க மறந்த விளக்குப் போல ஓர் ஒலி அரை நூற்றாண்டின் பின் யாருக்காவது கேட்கும் வாய்ப்பு இனிக் குறைவு.

இவ்விடத்தில் கொழும்பில் வாழ்ந்த ஒரு மனிதரைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. செய்மதித் தொலைத்தொடர்பு என்ற எண்ணத்தை 1945 ஒக்டோபரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்து, கனத்தையில் அடக்கமானவர். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் நிற்கும் பாதைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. அந்த 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் கற்பனை செய்தவை ஆளில்லாப் பெட்டிகள் அல்ல என்பது பலர் அறியாதது. அவை மனிதர்கள் தங்கியிருக்கும் நிலையங்கள். அன்றைய வானொலிக் கருவிகளின் வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும். மாற்றுவதற்கு ஆள் வேண்டாமா? யாருமே இல்லாத ஒரு நிலையம் தன்பாட்டில் ஐம்பது ஆண்டுகள் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று, தொலைநோக்கில் அவ்வளவு பேர்பெற்ற கிளார்க்கும் அன்று எண்ணவில்லை.

வானொலி ஆர்வலர்கள் செய்த முதற் செய்மதி ஓஸ்கார்-1. 1961 டிசம்பர் 12ஆம் திகதி ஏவப்பட்டது. மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பியது: நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. செய்மதியின் உள்ளே வெப்பம் கூடினால் அது வேகமாகச் சொல்லும். குறைந்தால் மெதுவாகச் சொல்லும். அந்த வேகத்தைக் கணக்கிட்டு வெப்பநிலையை அறிந்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் அது ஒலித்தது. 28 நாடுகளிலிருந்து 570 பேர் வரை தாம் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம், இவ்வளவு தெளிவு, இத்தனை நொடிக்கு இத்தனை 'ஹாய்'. எவரும் கூடுதலாக ஒன்றும் எழுதவேண்டியிருக்கவில்லை.

கைவிடப்பட்ட செய்மதிகளின் ஒலியைக் கொண்டு யாராவது ஒரு கண்காட்சி வைத்தால், இருட்டறையில் ஒலிபெருக்கி வைத்து முனகலை ஓடவிடுவதோடு நின்றுவிடாமல், இந்தக் குறிப்புகளையும் சுவரில் மாட்டும்படி கேட்பேன். அவற்றைத் தமிழர்களும் எழுதலாம். ஓஸ்கார்-7 இலங்கைக்கு மேலாலும், தமிழர் வாழும் மற்ற நாடுகளுக்கு மேலாலும் போய்வருகின்றது. சிறு கருவியொன்றோடு முற்றத்தில் நின்று அதைப் பிடிக்கும் பிள்ளைகள் எவராவது இதை வாசித்தால், கேட்ட நேரத்தையும் நின்ற இடத்தையும் மறவாமல் எழுதிவையுங்கள். கேட்காமல்போன நாட்களையும் எழுதுங்கள்.